முதல் மழையில் கிணற்றில் டீசல் வாடை ஏன்?

(வானொலியில் பேசியது)



சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி பிறந்த சமயம். சாத்தூர் பக்கத்துக் கரிசல்காட்டு ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். குப்பென்று டீசல் வாடை.

"கோடை பூரா ஒரு வாடையும் கிடையாது சார். மொத மழை விழுந்த மறுநாளு பாத்தா தண்ணி இப்படி நாறுது. பங்குக் கிணறு. எங்க பங்காளிதான் வேணும்னே ஊத்திட்டான். போலீசுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு நாள் பொறுங்க. நான் வந்து இடத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கிணற்று மேட்டிலிருந்து பத்தடி தூரத்தில் என்ஜின் கொட்டகை. உள்ளே வெறும் தரையில் டீசல் பேரல். ஊற்றும்போது சிந்தியதும், அடியில் கசிந்ததுமாகப் பல வருஷம் டீசல் குடித்த மண், கன்னங்கரேலென்று பிசுபிசுத்துக் கிடந்தது. கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவே கரிசல் வெடிப்புகள். ஒன்றில் கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. பங்காளி எதையும் ஊற்றவில்லை. வருஷக் கணக்காகச் சிந்தியதை மண் பிடித்து வைத்திருந்தது. முதல் மழை அதை அவிழ்த்து விட்டது.

மண் ஒரு வாடையை எப்படிப் பிடித்து வைக்கும்? மழை வந்ததும் ஏன் விட்டுவிடும்? இதைத் தெரிந்துகொண்டால் பல கிணறுகளைக் காப்பாற்றலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

மண் வாசனையின் கதை

கோடை முடிந்து முதல் தூறல் விழுந்ததும் வருகிற மண் வாசனை நம் எல்லோருக்கும் தெரியும். அது எங்கிருந்து வருகிறது? 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு விஞ்ஞானிகள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வறண்ட காலத்தில் செடி கொடிகளிலிருந்து வெளிப்படும் நுண்ணிய எண்ணெய்ப் பொருள்களைக் காய்ந்த களிமண்ணும் பாறையும் பிடித்துச் சேர்த்து வைக்கின்றன. ஈரம் பட்டதும் அவை வெளியேறி நம் மூக்குக்கு வருகின்றன. காய்ந்த மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் அந்த எண்ணெயை நீராவி மூலம் வடித்தும் எடுத்தார்கள். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளும் அந்த வாசனையில் சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கன்னோஜ் ஊர்க்காரர்கள் இந்த வாசனையையே அத்தராக வடித்து விற்கிறார்கள். சுட்ட களிமண்ணைத் தண்ணீரோடு காய்ச்சி, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள்.

ஆக, மண் ஆவியைப் பிடிக்கும், நீர் பட்டால் விடும். செடியின் வாசனை எண்ணெய்க்கு நடப்பதேதான் டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் தின்னர் ஆகியவற்றின் ஆவிக்கும் நடக்கிறது. அட்டையில் இ.சி. என்று போட்டிருக்கும் பூச்சி மருந்துகளிலும் இத்தகைய கரைப்பான் எண்ணெய் உண்டு. இவற்றையெல்லாம் எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் என்று சொல்கிறோம்.

ஒரு கிராம் மண்ணில் எத்தனை சென்ட்?

அடுப்புப் புகையில் கொஞ்ச நேரம் நின்றால் வேட்டியில் புகை வாடை ஏறிவிடும். பக்கத்திலிருக்கும் பித்தளைச் செம்பில் ஏறாது. வேட்டியில் ஆயிரமாயிரம் நூலிழைகள். வாடை ஒட்டிக்கொள்ள அங்கே பரப்பு அதிகம். இப்படி ஒரு பொருளின் பரப்பில் ஆவி ஒட்டிக்கொள்வதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

மண்ணிலும் கணக்கு இதுதான். மணலை எடுத்துக் கொண்டால், ஒரு கிராமில் உள்ள எல்லா மணிகளின் மேல்பரப்பையும் கூட்டினாலும் ஒரு கைக்குட்டை அகலம் தேறுவது அரிது. செவல் மண்ணில் பெரும்பாலும் உள்ள கயோலினைட் என்ற களிக்கு, கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்பு. அதாவது அரை சென்ட்டுக்கும் குறைவு. நம் கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களி புத்தகம் போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளின் உட்புறத்தையும் சேர்த்தால், சுத்தமான அந்தக் களியில் கிராமுக்கு 600 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். நம் கணக்கில் 15 முதல் 20 சென்ட். ஒரு சிட்டிகைக் களிக்குள் ஒரு சின்னத் தோட்டமே மடிந்து கிடக்கிறது!

ஆகவே, காய்ந்த கரிசல் எண்ணெய் ஆவியை நன்றாகப் பிடிக்கும். கோடை முழுக்க அந்தப் பெரியவர் கிணற்றில் வாடை தெரியாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

மழை வந்தால் இடம் காலி

ஆனால் களிக்கு எண்ணெயை விடத் தண்ணீர் மேல்தான் பிரியம் அதிகம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் வந்ததும், அதில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தண்ணீர் வந்ததும் எண்ணெய் ஆவி இடத்தைக் காலி செய்கிறது.

1985ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் சியூ, ஷூப் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உலர்ந்த மண் கரிம ஆவிகளை ஏராளமாகப் பிடித்தது. காற்றின் ஈரப்பதம் ஏற ஏற, பிடிக்கும் அளவு வெகுவாகக் குறைந்தது. ஈரமான பிறகு ஆவியைப் பிடித்துக் கொண்டிருந்தது பெரும்பாலும் மண்ணிலுள்ள மக்கு மட்டுமே.

இதை நீங்கள் வாங்கி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். களி காய்ந்திருக்கும்போது பிடிக்கும். மக்கு ஈரத்திலும் பிடிக்கும். நெய்யில் ஏலக்காய் வாசனை ஏறித் தங்குவதுபோல, மக்குக்குள் எண்ணெய் ஆவி கரைந்து தங்குகிறது. தண்ணீரால் அதை லேசில் விரட்ட முடியாது.

நம் மானாவாரிக் கரிசலில் களி நிறைய இருக்கிறது, மக்கு குறைவு. உங்கள் மண்வள அட்டையை எடுத்துக் கரிமச்சத்து என்ற இடத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அர்த்தம். பெரும்பாலான மானாவாரி நிலங்களின் அட்டையில் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். மூடியுள்ள மூன்று பாட்டில்கள் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் ஆற்று மணல், இரண்டாவதில் வெயிலில் நன்றாகக் காய்ந்த கரிசல் பொடி, மூன்றாவதில் அதே கரிசலோடு பாதிக்குப் பாதி மக்கிய தொழு உரம் கலந்து லேசாக நனைத்தது. மூன்றிலும் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டு, குலுக்கி மூடி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து முகர்ந்தால் மணல் பாட்டிலில் தைல வாசனை தூக்கலாகவும் மற்ற இரண்டிலும் குறைவாகவும் இருக்கும். பிறகு கரிசல் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அடங்கிய வாசனை திரும்ப எழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள், அவர்களுக்கும் ஒரு பாடமாகும்.

பொலபொலப்பும் வெடிப்பும்

மண்ணில் என்ன இருக்கிறது என்பது ஒரு பாதி. அது எப்படிக் கூடியிருக்கிறது என்பது மறு பாதி. இதைத்தான் மண் கட்டமைப்பு என்கிறோம்.

நல்ல கட்டமைப்புள்ள மண், கையில் அள்ளிப் பிசைந்தால் குருணை குருணையாகப் பொலபொலவென்று உதிரும். குருணைகளுக்கு நடுவே பெரிய துவாரம், ஒவ்வொரு குருணைக்குள்ளும் நுண்ணிய துவாரம். ஆவி பெரிய துவாரம் வழியே மெல்ல நகர்ந்து, போகிற வழியெல்லாம் குருணைக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே காற்றும் ஈரமும் இருப்பதால் நுண்ணுயிர்கள் வாழும். டீசலில் உள்ள எண்ணெயைத் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. மண் பிடித்துக் கொடுத்தால், அவை தின்று தீர்க்கும்.

டிராக்டர் ஓடி ஓடி இறுகிப்போன மண்ணில் துவாரம் அடைபட்டுக் கிடக்கும். மழை பெய்தால் இருக்கிற துவாரத்திலும் தண்ணீர் நிற்கும். காற்றில் நகர்வதைவிடத் தண்ணீருக்குள் ஒரு வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் நகரும். உள்ளே பிராணவாயு போகாது. நுண்ணுயிர் வேலை செய்யாது. டீசல் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

வெடித்த கரிசலில் நடப்பது வேறு. கோடையில் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வெடிப்பு இறங்கும். கட்டிக்குள் 20 சென்ட் பரப்பு இருந்து என்ன பயன்? ஆவியும் திரவமும் கட்டிக்குள் நுழையாமல், வெடிப்பு வழியே நேராக அடிமண்ணுக்குப் போய்விடும். மழை பெய்து கரிசல் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் மூடுவதற்கு முன்னால், முதல் மழையின் தண்ணீர் மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு வெடிப்பில் இறங்கிவிடும். அந்தப் பெரியவர் கிணற்றுக்கு நேர்ந்தது இதுவே.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் செவல் மண். அங்கே இத்தகைய வெடிப்பு இல்லை. ஆனால் மணலும் சரளையும் கலந்த செவலில் ஒட்டும் பரப்பும் குறைவு, மக்கும் குறைவு. சிந்தியது சீக்கிரம் கீழே போய்விடும்.

மணற்பாங்கான பூமியில் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2013ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையில், பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீடுகளின் கிணற்றிலும் போரிலும் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. குடியிருப்பவர்கள் தண்ணீருக்கு அலைந்தார்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. குழாயைச் சரிசெய்வது சில நாள் வேலை. மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்வது வருஷக் கணக்கான வேலை.

சிவகாசிப் பக்கத்து விவசாயிகளுக்கு

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளோடு அச்சகங்களும் ஏராளம். அச்சு உருளையில் ஒட்டிய மையைத் துடைக்க மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை பயன்படுகின்றன. துடைத்த துணியையும் கழுவிய எண்ணெயையும் யாராவது பாழுங்கிணற்றில் கொட்ட இடம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாழுங்கிணறு என்பது நிலத்தடி நீருக்குத் திறந்து வைத்த கதவு. இடையில் பிடித்து வைக்க மண்ணே கிடையாது. இத்தகைய கழிவை எப்படி அகற்ற வேண்டும் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் இருக்கின்றன. மீறிக் கொட்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்தில் உள்ள வெடியுப்பு முதலான நைட்ரேட் உப்புகள் ஆவியாகிறவை அல்ல. அவை தண்ணீரில் கரைந்து ஓடும். களிமண்ணும் அவற்றைப் பிடிப்பதில்லை. ஆகவே மண் பிடித்துக் கொள்ளும் என்ற பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. டீசல் பேரலையும் மருந்து டப்பாக்களையும் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, பள்ளமான பக்கத்தில் வையுங்கள். வெறும் தரையில் வைக்காமல் சிமெண்ட் தொட்டிக்குள் வைத்தால் கசிந்தாலும் மண்ணில் இறங்காது.

2. டீசல் சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஊற்றினால் எண்ணெயை நீங்களே கீழே அனுப்புகிறீர்கள். காய்ந்த கரிசல் பொடி அல்லது மரத்தூள் தூவி, ஊறியதும் வாரி எடுங்கள். இந்தச் சமயம் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது.

3. டீசல் ஊறிய மண் கொஞ்சமாக இருந்தால், கிணறு, ஓடை, கண்மாய் இவற்றுக்கு வெகு தூரத்தில் உள்ள தரிசில் மெல்லிசாகப் பரப்பி, தொழு உரம் கலந்து, லேசான ஈரத்தோடு 15 நாளுக்கு ஒரு தரம் கொத்திவிட வேண்டும். நுண்ணுயிர்கள் தின்னும். மழைக்காலத்தில் இதைச் செய்யக் கூடாது. பெட்ரோலும் தின்னரும் கலந்த மண்ணுக்கு இந்த முறை ஆகாது.

4. மருந்து டப்பாவை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, அதே பயிருக்குத் தெளியுங்கள். கிணற்று மேட்டில் வைத்து அலசாதீர்கள்.

5. கோடை உழவு போடுங்கள். வெடிப்பின் வாய் உடைந்து மூடும். சேறாக இருக்கும்போது கரிசலில் டிராக்டரை இறக்காதீர்கள். பதம் பார்த்து உழுங்கள். அடிமண் இறுகியிருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உளிக்கலப்பை போடலாம்.

6. மக்கைக் கூட்டுங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் பரிந்துரை. அவ்வளவு கிடைக்காதவர்கள் ஆட்டுக்கிடை போடலாம், சணப்பு விதைத்து மடக்கி உழலாம். செவல் நிலத்துக்குக் கண்மாய் வண்டலை உரிய அனுமதி பெற்று அடிக்கலாம். பயிருக்கும் நல்லது, கிணற்றுக்கும் காவல்.

கிணற்றில் இறங்காதீர்கள்

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். டீசல், பெட்ரோல், தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மண் வழியாகக் கிணற்றுக்குள் வந்தால் அடியிலேயே தேங்கி நிற்கும். தூர் வார இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் பழைய வழக்கம். எண்ணெய் வாடை அடிக்கும் கிணற்றில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். விளக்கு அணைந்து எச்சரிப்பதற்குப் பதிலாக ஆவி பற்றி வெடித்துவிடும். இத்தனை வெடி விபத்துகளைப் பார்த்த நம் ஜில்லாவுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாடை வந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் உடனே குதிப்பதும் கூடாது, இரண்டு உயிர் போகும். 101க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள். அந்தத் தண்ணீரை மனிதரும் மாடும் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆவி வீட்டுக்குள் பரவும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் யோசனை கேளுங்கள். வாடை இல்லாத கிணறாக இருந்தாலும், தண்ணீர் இறைக்க டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள விஷவாயு ஆளைக் கொல்லும்.

சரி, அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருவோம். பங்காளிகள் இருவரையும் கொட்டகையில் நிற்க வைத்து, மண்ணைத் தோண்டிக் காட்டினேன். இரண்டடி ஆழத்திலும் டீசல் வாடை. "இது ரெண்டு பேரும் சேர்ந்து ஊத்துனது அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் தம்பி முறைக்காரர் போய் மண்வெட்டி எடுத்து வந்தார். டீசல் மண்ணை அள்ளித் தரிசில் பரப்பினார்கள், கொட்டகையைப் பள்ளத்துப் பக்கம் மாற்றினார்கள். மேலே நின்றபடியே கிணற்றை இறைத்துத் தண்ணீரைத் தூரத்துத் தரிசில் விட்டார்கள். அடுத்த வருஷ முதல் மழைக்கும் லேசாக வாடை இருந்தது. அதற்கு அடுத்த வருஷம் இல்லை. அதுவரை குடிதண்ணீரை ஊர்க் குழாயில்தான் பிடித்தார்கள்.

உங்கள் என்ஜின் கொட்டகைக்கும் பம்ப்செட் அறைக்கும் இன்றே ஒரு நடை போய், தரையில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால், மழைக்கு முன்னால் அந்த மண்ணை அப்புறப்படுத்தி விடுங்கள்.